ஏட்டுச் சுரைக்காய் கறியான கதை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். காகிதத்தில் எழுதிய சுரைக்காயை நறுக்க முடியாது. உலையில் போட முடியாது. பசித்தவன் வயிறும் நிறையாது. எழுத்து வேறு, பொருள் வேறு என்பதுதான் அந்தப் பழமொழியின் சாரம்.

ஆனால் கணினி உலகில் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தப் பழமொழி தலைகீழாகிவிட்டது. “எனக்கு இந்த அளவில் ஒரு சர்வர் வேண்டும், அதற்கு இவ்வளவு சேமிப்பிடம் வேண்டும், இந்த வாசல் மட்டும் திறந்திருக்க வேண்டும்” என்று ஒரு கோப்பில் சில பத்து வரிகள் எழுதி, ஒரு கட்டளை கொடுத்தால் போதும். எங்கோ ஒரு தரவு மையத்தில் அந்த சர்வர் சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது. உள்கட்டமைப்பை நிரலாக எழுதுதல் என்று இதற்குப் பெயர். துறையில் இருப்பவர்கள் ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் அஸ் கோட்’ என்பார்கள்.

இது கணினிப் படிப்பு படித்தவர்களின் சமாச்சாரம், தேயிலைத் தோட்டத்து மக்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, அன்பர்களே! கணினியை வியாபாரத்துக்கு முதன்முதலில் பயன்படுத்தியவர்களே தேநீர்க்காரர்கள்தான்.

தேநீர்க் கடைக்காரர்கள் கட்டிய கணினி

இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. 1894-இல் லண்டன் பிக்காடிலியில் முதல் தேநீர்க் கடையைத் திறந்த அந்த நிறுவனம், பிறகு நூற்றுக்கணக்கான கடைகளாகப் பெருகியது. தேயிலையைக் கலந்து பொட்டலம் போடும் ஆலையும், ரொட்டியும் கேக்கும் சுடும் அடுமனைகளும் அதற்குச் சொந்தம். அந்நாளில் லண்டன் கோப்பைகளில் ஊற்றப்பட்ட தேநீரில் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தது. இலங்கை மலையகத்தில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவை தமிழ்ப் பெண்களின் விரல்கள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தேநீர் வியாபாரத்தில் இலாபம் காசு காசாகத்தான் சேரும். கணக்கு எழுதும் செலவு அந்தக் காசைத் தின்றுவிடக் கூடாது என்பதில் லயன்ஸ் அதிகாரிகள் குறியாக இருந்தார்கள். 1947-இல் அந்நிறுவனத்தின் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு, ரேமண்ட் தாம்ஸன் இருவரும் அமெரிக்காவுக்குப் போய்ப் புதிய மின்னணுக் கணக்கு எந்திரங்களைப் பற்றி விசாரித்தார்கள். ‘உங்கள் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜில், மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே’ என்ற தகவல் அங்கேதான் கிடைத்தது. ஊருக்குத் திரும்பியதும் லயன்ஸ் நிறுவனம் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுன் கொடுத்தது. உதவிக்குத் தன் ஊழியர் ஒருவரையும் அனுப்பியது. எட்சாக் என்ற அந்தக் கணினி 1949 மே 6-ஆம் நாள் முதல் நிரலை ஓட்டியது. அதன் வழியிலேயே, ஜான் பிங்கர்ட்டன் என்ற பொறியாளரின் தலைமையில், லயன்ஸ் தனக்கென ஒரு கணினியைக் கட்டிக்கொண்டது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது அடுமனைகளின் உற்பத்திச் செலவைக் கணக்கிடத் தொடங்கியது. ஒரு வியாபார நிறுவனத்தின் அன்றாடக் கணக்கைக் கணினி ஏற்றுச் செய்தது உலகில் அதுவே முதல் தடவை.

பிறகு சம்பளக் கணக்கு வந்தது. தேர்ந்த எழுத்தர் ஒருவருக்குச் சுமார் எட்டு நிமிடம் பிடித்த ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது. அதற்கு நிரல் எழுதியவர்களில் ஒருவர் மேரி கூம்ஸ். 1952-இல் சேர்ந்த அவரை, வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் 1954-இல் வருகிறது. ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும் தினமும் எவ்வளவு ரொட்டி, எவ்வளவு கேக் போக வேண்டும் என்ற வழக்கமான பட்டியல் லியோவிடம் இருந்தது. கடை மேலாளர் தினமும் முழுப் பட்டியலையும் ஒப்பிக்க வேண்டாம். எது கூட, எது குறைய என்ற வித்தியாசத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். ‘இருக்க வேண்டிய நிலை’ எழுத்தில் இருக்கிறது, மாற்றம் மட்டும் சொல்லப்படுகிறது. இன்றைய சர்வர் நிரல்களுக்கும் இதே யோசனைதான் அடித்தளம்.

இன்னொன்றும் நடந்தது. லியோவுக்கு ஓய்வு நேரம் கிடைத்தபோது லயன்ஸ் அதை வெளியாருக்கு வாடகைக்கு விட்டது. டாகன்ஹமில் இருந்த ஃபோர்டு கார் ஆலையின் சம்பளக் கணக்கைக்கூட லியோ செய்து கொடுத்தது. சொந்தமாகக் கணினி வாங்காமல் அடுத்தவர் கணினியில் வேலையை முடித்துக்கொள்வது! இன்று ‘கிளவுட்’ என்று சொல்லப்படுவதன் பாட்டன் ஒரு தேநீர்க் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர்தான்.

மலைமேல் இரண்டு ஏடுகள்

இனி நம் மலைக்கு வருவோம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் எல்லையில் ஒரு மேட்டு நிலத்தைக் கண்டு குறித்து வைத்தார். அது காட்டு மலையாகவே நாற்பது ஆண்டுகள் கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் அதை ஊராக்கும் வேலை சூடுபிடித்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போட்டு முடிந்தது 1931-இல். அதற்கு முன்பே, 1929-இல், ஜே.ஏ. ரசல் என்ற தொழிலதிபர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். 1933-இல் பாரத் நிறுவனத்தின் தேயிலைத் தோட்டமும் வந்தது.

செங்குத்தான சரிவில் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். கங்காணி முறையிலும் பிற வழிகளிலும் தென்னிந்தியாவிலிருந்து மலாயா வந்தவர்கள் அவர்கள். தொழிலாளர் உதவிக் குடியேற்றத்தை 1938-இல் இந்திய அரசாங்கம் தடை செய்யும்வரை அந்த வரத்து நடந்தது.

ஒரு தேயிலைத் தோட்டத்தில் உண்மையில் இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்று கிராணியின் கையில் இருந்த செக்ரோல். காலையில் பெரட்டுக்கு வந்தவர் யார், எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார் என்பது அதில் இருக்கும். அதில் பெயர் ஏறினால்தான் கூலி. இரண்டாவது ஏடு எழுதப்படாதது. எந்தச் சரிவில் கொழுந்து முதலில் எழும்பும், எந்தச் செடியை எப்போது கவாத்து வெட்ட வேண்டும், இலை எவ்வளவு வாடினால் உருளைக்குப் போடலாம் என்ற அறிவு அது. அது தொழிலாளியின் விரலிலும் மூக்கிலும் கண்ணிலும் இருந்தது.

தோட்டம் நின்றது இரண்டாவது ஏட்டால். அதிகாரம் நின்றதோ முதல் ஏட்டால். எழுதியவன் கை ஓங்கியிருந்தது. எழுதாதவனின் அறிவு, அவன் தோட்டத்தை விட்டு வெளியேறிய அன்றே அவனோடு போய்விட்டது. பிள்ளைகள் பட்டணத்துக்கு வேலை தேடிப் போனார்கள். அவர்கள் இடத்துக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கை கிள்ளிய இடத்தில் கத்திரியும் எந்திரமும் வந்தன. கணினி அறைகளிலும் பல ஆண்டுகள் இதே கதைதான் நடந்தது.

வாடகைக்கு வந்த சர்வர்

1961-இல் ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்கக் கணினி அறிஞர், ஒரு நாள் கணினியும் தொலைபேசிபோல் பொதுச் சேவையாகும் என்று சொன்னார். அந்த நாள் வர நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதுவரை ஒரு நிறுவனத்துக்கு சர்வர் வேண்டுமென்றால் விலைப்புள்ளி வாங்க வேண்டும், ஆர்டர் போட வேண்டும், பெட்டி வரக் காத்திருக்க வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும். அதற்கெல்லாம் மேல், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கணினி அறையின் இரண்டாவது ஏடு! எந்த மென்பொருளை எப்போது போட்டோம், எந்த அமைப்பை ஏன் மாற்றினோம் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அவர் விடுப்பில் போனால் நிறுவனமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் ‘இ.சி.2’ என்ற சேவையைச் சோதனையாக வெளியிட்டது. ஒரு சிறிய சர்வருக்கு மணிக்குப் பத்து அமெரிக்க சென்ட் வாடகை. வேண்டும்போது எடுக்கலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். இதை உருவாக்கிய குழு இருந்தது அமெரிக்காவில் அல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். தலைமையகத்துக்குத் தொலைவில் இருந்த ஒரு சிறு குழுவின் வேலை உலகத் தொழிலையே மாற்றியது என்பது தோட்டப்புறத்து இளைஞர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி.

ஆனால் வசதி வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. பத்து சர்வர் இருந்த இடத்தில் நூறு வந்தன, ஆயிரம் வந்தன. ஒவ்வொன்றையும் திரையில் பொத்தான் பொத்தானாக அழுத்தி அமைத்தால் ஒன்றைப்போல் ஒன்று இருக்குமா? இருக்காது. தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் அது மரமாகவே வளர்ந்துவிடும். இடுப்பளவு மட்டத்தில் அதைப் பச்சைக் கம்பளமாக நிறுத்துவது இடைவிடாத கவாத்துதான். சர்வர்களும் அப்படியே. இன்று ஒரு சின்னத் திருத்தம், நாளை ஒரு அவசரத் திருத்தம் என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளர்ந்துவிடும்.

நாற்பத்தைந்து நிமிட நாசம்

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2012 ஆகஸ்டு 1-ஆம் நாள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் என்ற பெரிய நிறுவனம். புதிய மென்பொருளைத் தன் எட்டு சர்வர்களிலும் ஏற்ற வேண்டியிருந்தது. அதைச் செய்த தொழில்நுட்ப ஊழியர் ஏழில் ஏற்றினார். எட்டாவதில் ஏற்ற விட்டுப்போனது. அந்த எட்டாவது சர்வரில் 2003-லேயே பயன்பாட்டிலிருந்து நின்றுபோன பழைய நிரல் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டது. நிற்காமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. பதறிப்போனவர்கள், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட, நிலைமை இன்னும் மோசமானது.

நாற்பத்தைந்து நிமிடம். நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நட்டம் 46 கோடி டாலருக்கு மேல்! அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுத் தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது. 2013-இல் விசாரணையை முடித்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று இது: ஒருவர் செய்த வேலையை இரண்டாமவர் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லும் எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே இல்லை. ஒரே ஆள், ஒரே கை, ஒரே ஞாபகம், ஏடு இல்லை.

கிளையிலிருந்து கன்று

இந்த நோய்க்கு மருந்து தேடிய கதை 1993-இல் நார்வே நாட்டின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. இயற்பியல் ஆய்வாளரான மார்க் பர்ஜெஸ், தம் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தொல்லையிலிருந்து விடுபட ‘சி.எஃப். எஞ்சின்’ என்ற மென்பொருளை எழுதினார். அதுவரை கணினிக்கு “இதைச் செய், பிறகு அதைச் செய்” என்று படிப்படியாகக் கட்டளையிடுவார்கள். பர்ஜெஸ் வழி வேறு. “முடிவில் நீ இப்படி இருக்க வேண்டும்” என்று நிலையை மட்டும் எழுதினார். கணினி தன்னையே பார்த்து, எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே மட்டும் சரிசெய்துகொள்ளும். லயன்ஸ் கடைகளின் பட்டியல் மாதிரிதான். உடம்பு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்வதுபோல் கணினியும் ஆக வேண்டும் என்று 1998-இல் அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்த வழியில் 2005-இல் பப்பெட், 2009-இல் செஃப், 2012-இல் ஆன்சிபிள் என்று கருவிகள் வரிசையாக வந்தன. இவை பெரும்பாலும் இருக்கும் சர்வருக்குள் வேண்டியதை அமைப்பவை. சர்வரையே உண்டாக்குவது அடுத்த படி. 2011-இல் அமேசான் தன் சேவைகளுக்கென ‘கிளவுட்ஃபார்மேஷன்’ கருவியைத் தந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நண்பர்களான மிச்செல் ஹஷிமோட்டோவும் அர்மான் டட்கரும் 2012-இல் ஹாஷிகார்ப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2014 ஜூலையில் அவர்கள் வெளியிட்டதுதான் ‘டெராஃபார்ம்’. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் என்று எவருடைய கிளவுட் ஆனாலும் ஒரே எழுத்து முறையில் எழுதலாம் என்பது அதன் பலம்.

தேயிலை உலகில் இதற்கு ஒப்பான ஒரு மாற்றம் முன்பே நடந்திருக்கிறது. ஆதியில் விதை போட்டுத்தான் தேயிலை வளர்த்தார்கள். ஒரே விதைக் குவியலிலிருந்து வந்தாலும் ஒரு செடிபோல் மறுசெடி இருக்காது. பிறகு, நல்ல தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையோடும் மொட்டோடும் சிறு துண்டு வெட்டி, நாற்றங்காலில் வேர்விடச் செய்து நடும் முறை பரவியது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதில் முன்னோடி. தாயின் குணம் அப்படியே கன்றுக்கு வரும். நூறு நட்டால் நூறும் ஒரே மாதிரி. சர்வரைக் கையால் அமைப்பது விதை நடவு. நிரலால் எழுப்புவது துண்டு நடவு.

ஒரு சர்வர் எழும் விதம்

நடைமுறையில் இது எப்படி? ஒரு தேயிலை வியாபாரி இணையத்தில் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடுமுறையில் மலைக்கு வரும் கூட்டம் அவர் இணையக் கடையிலும் மோதும். மற்ற நாளில் ஈ ஆடும்.

முதலில் ஏட்டில் எழுத வேண்டியவை: எந்த நாட்டில் உள்ள தரவு மையம், என்ன அளவு சர்வர், எந்த இயங்குதளம், எவ்வளவு சேமிப்பிடம், எந்தெந்த வாசல் திறந்திருக்க வேண்டும். கடைக்கு வருவோருக்குப் பாதுகாப்பான இணைய வாசல் எண் 443 ஒன்று போதும். நிர்வாக வாசலை ஊருக்கெல்லாம் திறந்து வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

எழுதி முடித்ததும் மூன்று கட்டளைகள். முதலாவது ‘இனிட்’, வேண்டிய துணைக் கருவிகளைக் கொண்டு வரும். இரண்டாவது ‘பிளான்’. இதுதான் உயிர்நாடி. எழுதியதையும் இப்போது இருப்பதையும் ஒப்பிட்டு, “இதைச் சேர்ப்பேன், இதை மாற்றுவேன், இதை அழிப்பேன்” என்று பட்டியல் காட்டும், எதையும் தொடாது. மூன்றாவது ‘அப்ளை’. சரி என்று ஒப்புக்கொண்டால் காரியம் நடக்கும். அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் இன்னொரு சர்வர் முளைக்காது. இருக்க வேண்டியது இருக்கிறது, மாற்றம் தேவையில்லை என்று சொல்லி நின்றுவிடும். விடுமுறையில் ‘ஒன்று’ என்ற எண்ணை ‘நான்கு’ என்று திருத்தினால் நான்கு சர்வர். கூட்டம் கலைந்ததும் மறுபடி ‘ஒன்று’. வாடகையும் அதற்கேற்பக் குறையும்.

எதை எல்லாம் உருவாக்கினோம் என்று அந்தக் கருவி தனக்கென ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளும். ‘ஸ்டேட்’ கோப்பு என்பார்கள். இதுதான் சர்வர் உலகத்தின் செக்ரோல். இதை ஒருவர் மடிக்கணினியில் மட்டும் வைத்தால் பழைய கதைதான்; பொது இடத்தில், ஒரே நேரத்தில் இருவர் கை வைக்க முடியாதபடி பூட்டோடு வைக்க வேண்டும். கடவுச்சொற்கள்கூட அதற்குள் பதிவாகக்கூடும் என்பதால் கண்டவர் கையில் கொடுக்கவும் கூடாது. நிரல் கோப்புகளுக்கு, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய ‘கிட்’ போன்ற ஏற்பாடு உண்டு. யார், எப்போது, எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பது அதில் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தரலாம். நைட் கேப்பிட்டலில் இல்லாமல் போனது இதுதானே!

ஏட்டிலும் பிழை உண்டு

அப்படியானால் எல்லாம் நலமா? இல்லை. ஏட்டில் பிழை எழுதினால் அந்தப் பிழையும் நூறு மடங்காகும். தாய்ச் செடிக்கு ஒரு நோய் தாங்கும் சக்தி இல்லையென்றால் கன்றுகள் அத்தனைக்கும் அது இருக்காது அல்லவா?

2017 பிப்ரவரி 28-இல் அமேசானின் சேமிப்புச் சேவை அமெரிக்காவின் கிழக்கு வட்டாரத்தில் சில மணி நேரம் முடங்கியது. அதை நம்பியிருந்த எண்ணற்ற இணையத் தளங்களும் கூடவே படுத்துவிட்டன. காரணம் என்ன? அனுமதி பெற்ற ஊழியர் ஒருவர், எழுதி வைத்த நடைமுறைப்படியே, சில சர்வர்களை மட்டும் விலக்கக் கட்டளை கொடுத்தார். அதில் ஒரு சொல் தவறாகப் பதிவாகிவிட்டது. கருவி கேள்வி கேட்காமல் மிகுதியான சர்வர்களை விலக்கியது. அதற்குப் பிறகு அமேசான் அந்தக் கருவியையே திருத்தியது. மெதுவாக மட்டும் விலக்கு, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதே என்று. ஆக, எழுதினால் மட்டும் போதாது. எழுதியது தன்னைத் தானே தடுத்துக்கொள்ளவும் எழுத வேண்டும்.

ஏடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உண்டு. டெராஃபார்ம் தொடக்கத்தில் திறந்த மூல மென்பொருள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அதைக் கொண்டு தொழிலும் செய்யலாம். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் அந்த உரிமத்தை மாற்றியது. தனக்குப் போட்டியாகச் சேவை விற்பவர்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பல ஆண்டு உழைப்பை அந்தக் கருவியின்மேல் கட்டியிருந்தவர்கள் திகைத்தார்கள். கைகட்டி நிற்காமல், பழைய உரிமத்தில் இருந்த நிரலைக் கிளை பிரித்து ‘ஓப்பன்டோஃபு’ என்று வளர்க்கத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே லினக்ஸ் அறக்கட்டளை அதைத் தன் குடையின் கீழ் எடுத்துக்கொண்டது. ஹாஷிகார்ப் நிறுவனத்தை ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு வாங்குவதாக 2024-இல் அறிவித்து, 2025 பிப்ரவரியில் முடித்தது. கருவியின் சொந்தக்காரர் மாறலாம். ஆனால் நிரலின் பிரதி பலர் கையில் இருந்ததால்தான் வழி பிறந்தது.

எழுதும் கை யாருடையது?

மலேசியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அமேசானின் கிளவுட் மையம் சிங்கப்பூருக்கு 2010-இல் வந்தது. மலேசியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. டெராஃபார்ம் கோப்பில் வட்டாரத்தின் பெயரை ஒரு சொல் மாற்றி எழுதினால், மலேசிய மண்ணிலேயே சர்வர் எழும். மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவையும் 2024-இல் இங்கே கோடிக்கணக்கான டாலர் முதலீட்டை அறிவித்தன. ஜொகூர் மாநிலம் தரவு மையங்களின் வட்டாரமாகிவிட்டது. கூலாயில், முன்பு தோட்டமாக இருந்த நிலத்திலேயே தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. மரம் நின்ற இடத்தில் சர்வர் நிற்கிறது. அதற்கு மின்சாரமும் தண்ணீரும் ஏராளமாக வேண்டும் என்பது வேறொரு விவாதம்.

தோட்டம் திறந்தபோது தமிழனுக்குக் கிடைத்தது மண்வெட்டி, ஏடு கிடைக்கவில்லை. இந்தப் புதிய தோட்டம் திறக்கும்போது நம் பிள்ளைகளுக்கு எது கிடைக்கப் போகிறது? தரவு மையக் கட்டடத்தில் காவலும் துப்புரவும் மட்டுமா? சர்வரைத் திரையில் பொத்தான் அழுத்தி அமைக்கும் எடுபிடி வேலை குறைந்துகொண்டே வருகிறது. நிரல் அதைச் செய்துவிடுகிறது. கொழுந்தறுக்கும் எந்திரம் வந்தபோது கிள்ளும் வேலை குறைந்ததைப்போல. மிஞ்சுவது எழுதும் வேலை, எழுதியதைச் சரிபார்க்கும் வேலை.

அந்த வேலைக்கு வெளிநாட்டுப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு, பொறுமை. கருவிகள் இலவசம்; கிளவுட் நிறுவனங்கள் புதியவர்களுக்குக் குறிப்பிட்ட அளவு இலவசப் பயன்பாடும் தருகின்றன. ஒரே எச்சரிக்கை: பயிற்சி முடிந்ததும் ‘டிஸ்ட்ராய்’ கட்டளை கொடுத்து எழுப்பியதைக் கலைத்துவிட வேண்டும். மறந்தால் மாதக் கடைசியில் கட்டணச் சீட்டு கதவைத் தட்டும். செலவு எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கும் ஏற்பாட்டை முதல் நாளே செய்து வைப்பது புத்திசாலித்தனம்.

நம்மவர்களுக்கு இது எட்டாக் கனி என்று சொல்ல வேண்டாம். கணினியில் தமிழ் எழுத உதவிய ‘முரசு அஞ்சல்’ இந்த மலேசிய மண்ணில், முத்து நெடுமாறன் கையில் 1985-இல் உருவானதுதான். 2001-இல் உலகத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் நினைவிருக்கலாம். தமிழைக் கணினிக்குள் கொண்டு வந்த சமுதாயம், கணினியையே எழுதி எழுப்பும் கலையைக் கற்க முடியாதா?

பெற்றோர்கள் ஒன்று செய்யலாம். “கணினி படிக்கிறான்” என்பதோடு நிறுத்தாமல், “என்ன எழுதுகிறாய், எழுதியதை யார் சரிபார்க்கிறார்கள்?” என்று பிள்ளைகளைக் கேட்கலாம். தமிழ்ப்பள்ளி வாரியங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும், தங்கள் இணையத் தளம் ஒரே தம்பியின் ஞாபகத்தில் இருக்கிறதா, அல்லது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்தத் தம்பி வேலை கிடைத்து வெளிநாடு போனால் தளமும் கூடவே போய்விடுமா? இன்றே விடை தேட வேண்டிய கேள்வி இது.

தேயிலைத் தோட்டத்தில் நம் பாட்டிமார்களின் விரல்களில் இருந்த அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. அந்த நட்டத்தை இனி ஈடுசெய்ய முடியாது. அடுத்த தலைமுறையின் அறிவாவது ஏட்டில் ஏறட்டும். இந்தக் காலத்து ஏட்டில் எழுதிய சுரைக்காய் பந்தியில் பரிமாறப்படுகிறது. அதை எழுதும் கைகளில் நம் கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.